பூவின் விலையில் சேராத கைகள்

திருவோணத்துக்குப் பத்து நாள் முன்னதாக, அத்தம் நாளிலேயே கேரளத்தின் வாசல்களில் பூக்களம் தொடங்கிவிடும். தோப்பும்படியிலிருந்து மட்டாஞ்சேரிக்குப் போகும் வழியில் இருக்கும் சுள்ளிக்கல்லும் இதற்கு விலக்கல்ல. ஆனால் வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் மேற்குக் கொச்சியில் தும்பையும் முக்குற்றியும் பறித்து வர வெளி ஏது? பூ லாரியில்தான் வருகிறது. தோவாளை, திண்டுக்கல், கோவை, ஓசூர், கர்நாடகத்தின் குண்டலுப்பேட்டை என்று பல இடங்களிலிருந்து செண்டுமல்லியும் செவ்வந்தியும் வாடாமல்லியும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. ஓணம் நெருங்க நெருங்க விலை ஏறும். வாங்குகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்குவார்கள். பத்திரிகைகள் விலை நிலவரம் எழுதும்.

அந்தப் பூவைப் பறித்த கை எப்படியிருக்கிறது என்பது எந்த நிலவரத்திலும் வராது. பூத் தோட்டங்களில் வேலை செய்யும் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் வெடித்திருக்கும். நகத்தைச் சுற்றித் தோல் தடித்து உரியும். சிலருக்கு மணிக்கட்டில் தொடங்கும் அரிப்பு முழங்கைக்கும் கழுத்துக்கும் பரவும். இமை வீங்கும். கேட்டால் 'உடம்புச் சூடு' என்பார்கள். 'ரத்தம் கெட்டுப் போச்சு' என்பார்கள். 'சோப்பு ஒத்துக்கலை' என்பார்கள். பூவைச் சொல்பவர்கள் குறைவு. கடவுளுக்குப் போகும் பொருள் கையைக் கெடுக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

ஆனால் மருத்துவ உலகத்துக்கு இது புதிய செய்தி அல்ல. ஹாலந்தில் டியூலிப் கிழங்குகளைப் பிரித்தெடுத்துத் தரம் பார்க்கும் தொழிலாளர்களுக்கு விரல் நுனி வறண்டு, நகத்தடியில் வெடித்துப் புண்ணாகும். இதற்கு 'டியூலிப் விரல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கிழங்கின் வெளித்தோலில் அதிகமாக இருக்கும் டியூலிபோசைடு என்ற பொருளிலிருந்து பிரியும் ஒரு சிறு மூலக்கூறுதான் குற்றவாளி என்பது 1960களின் இறுதியிலேயே தெளிவாகிவிட்டது. பூங்கொத்துக் கடைகளில் தண்டு நறுக்கும் ஊழியர்களை வாட்டும் ஆல்ஸ்ட்ரோமீரியா பூவிலும் அதே வகைப் பொருள் உண்டு. இங்கிலாந்தின் ஸில்லி தீவுகளில் டாஃபடில் பறிப்பவர்களுக்கு வரும் தடிப்பும் பெயர் பெற்றது. நோய்க்குப் பெயர் கிடைத்தால் காரணம் தேடப்படும். காரணம் தெரிந்தால் தடுப்பும் வரும். நம் பூந்தோட்டங்களில் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்து கிடக்கிறது.

தோலில் நடப்பது என்ன? இரண்டு விதமான கோளாறுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சேனைக்கிழங்கை நறுக்கினால் யாருக்கும் கை அரிக்கும். அதிலிருக்கும் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் தோலைக் குத்துகின்றன. ஆள் பார்த்து அரிப்பதில்லை. டாஃபடில் பறிப்பவர்களைத் தொல்லைப்படுத்துவதிலும் இதே ஊசிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இது எரிச்சல். போதுமான அளவு பட்டால் எல்லோருக்கும் வரும். விலகினால் ஆறும்.

அடுத்தது அலர்ஜி. சலவைத் தொழிலாளர்கள் துணியில் அடையாளம் போடப் பயன்படுத்திய சேராங்கொட்டைப் பாலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவுக்கு வந்த அமெரிக்கப் படைவீரர்கள் சிலருக்குப் பிடரியிலும் இடுப்பிலும் கொப்புளம் கிளம்பியது. சட்டைக் காலரிலும் கால்சட்டைப் பட்டியிலும் இருந்த சலவைக் குறிதான் காரணம் என்று ராணுவ டாக்டர்கள் கண்டுபிடித்து 1943ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒரே குறி, ஒரே கொட்டை. ஆனால் சிலருக்கு மட்டுமே கொப்புளம். அலர்ஜி ஆள் பார்த்துத்தான் பிடிக்கும்.

அது பிடிக்கும் விதமும் வேறு. செடியிலிருக்கும் நுண்ணிய வேதிப் பொருள் தோலுக்குள் இறங்கி அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உடலின் காவல் அணுக்கள் அதை அந்நியன் என்று குறித்து வைத்துக்கொள்கின்றன. இந்த முதல் சந்திப்பில் வெளியே ஒன்றும் தெரியாது. குறித்து வைப்பதற்கே இரண்டு வாரம் போலாகலாம். சிலருக்குப் பல ஆண்டுகள் பூப் பறித்த பிறகே அது நடக்கும். 'இருபது வருஷமா இதே பூவைத்தான் பறிக்கிறேன், அப்பல்லாம் ஒண்ணும் ஆகலியே' என்ற கேள்விக்குப் பதில் இதுதான். ஒருமுறை குறித்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அழியாது. அதற்குப் பிறகு சிறிதளவு பட்டாலே போதும்.

பட்டவுடனும் வராது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வரும். திங்கட்கிழமை செவ்வந்தி பறித்த கை புதன்கிழமை அரித்தால், புதன்கிழமை தொட்ட ஏதோ ஒன்றின் மேல்தான் பழி விழும். சோப்புப் பெயர் கெடுவதும் பூ தப்பித்துக்கொள்வதும் இப்படித்தான்.

எந்தப் பூ அதிகம் தொல்லை தருகிறது? உலகெங்கும் தோல் மருத்துவர்கள் முதலில் சொல்வது செவ்வந்தியை. செவ்வந்தி, செண்டுமல்லி, சூரியகாந்தி, டேலியா, ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் வளரும் ஜெர்பரா எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். இந்தக் குடும்பத்தில் பல செடிகளிடம் செஸ்குவிடெர்பீன் லாக்டோன் என்ற வகைப் பொருட்கள் உண்டு. பூச்சியையும் மேயும் மாட்டையும் விரட்டச் செடி வைத்திருக்கும் கசப்பு ஆயுதம் அது. செண்டுமல்லி பற்றிச் செவ்வந்தி அளவுக்குப் புகார் இல்லை என்றாலும், அதனாலும் அலர்ஜி வந்தது பதிவாகியிருக்கிறது.

இந்தியாவில் இந்தக் கதைக்கு ஒரு தனி வில்லன் உண்டு. அதே குடும்பத்தைச் சேர்ந்த பார்த்தீனியம். அமெரிக்கக் கண்டத்துச் செடியான இது 1950களின் நடுவில் புனேயில் கண்டறியப்பட்டது. இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்பது பரவலான நம்பிக்கை. 'காங்கிரஸ் புல்' என்ற பட்டப்பெயரோடு அது நாடு முழுக்கப் பரவியது. அதனால் வரும் தோல் நோய் பற்றி லோன்கர், மிட்செல், கால்னன் ஆகிய மூவர் 1974ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. செடியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. காய்ந்த துகள் காற்றில் பறந்து வந்து முகத்திலும் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் படிந்தாலே போதும். அதை ஒழிக்க மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து 1984ல் பெங்களூர்ப் பக்கம் விட்டார்கள். வண்டு தின்கிறது. செடியும் முளைக்கிறது.

பூந்தோட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இரண்டு. தோட்டத்து வரப்பில் பார்த்தீனியம் முளைக்கிறது. அதைப் பிடுங்குவது பூப் பறிக்கும் அதே பெண்கள், வெறும் கையால். மேலும், இரண்டு செடிகளின் வேதிப் பொருட்களும் உறவுக்காரர்கள் என்பதால், பார்த்தீனியத்துக்கு அலர்ஜியான உடம்பு செவ்வந்தியைத் தொட்டாலும் துள்ளக்கூடும். களையில் ஆரம்பித்த நோய் பூவில் தொடர்கிறது.

மல்லிகையின் கணக்கு வேறு. மல்லிகைச் செடி செவ்வந்தி போல அலர்ஜிக்குப் பெயர் போனதல்ல. அங்கே கையைக் கெடுப்பவை ஈரமும் உரசலும் மருந்தும். மொட்டு விரிவதற்கு முன்பே பறித்தாக வேண்டும் என்பதால் பல ஊர்களில் விடியலுக்கு முன்பே டார்ச் வெளிச்சத்தில் பறிப்பு தொடங்கிவிடும். பனியில் நனைந்த விரல்கள் ஆயிரக்கணக்கான காம்புகளைக் கிள்ளுகின்றன. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்திலேயே இருந்தால் அதை 'ஈர வேலை' என்று வகைப்படுத்தித் தனிப் பாதுகாப்பு கேட்கிறது ஜெர்மனியின் விதி. தொடர்ந்து ஊறிய தோல் தன் காப்பை இழக்கிறது. பிறகு எது பட்டாலும் உள்ளே இறங்கும். கொச்சியில் இறால் உரிக்கும் கொட்டகைகளில் ஐஸ் தண்ணீரில் கை வைத்திருக்கும் பெண்களைக் கேட்டால் இதை டாக்டரைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அந்தத் தோலின் மேல்தான் மருந்து வந்து விழுகிறது. மொட்டுப்புழுவும் பூ ஈயும் மல்லிகை விவசாயியின் நிரந்தர எதிரிகள். மருந்தடிக்காமல் தப்ப முடியாது என்பது அவர் வாதம். மல்லிகைக்குச் சீசனில் தினமும் பறிப்பு உண்டு. நேற்று அடித்த மருந்து இன்றைய இலையில் இருக்கும். ரோஜாக் குடில்களில் பூசணக் கொல்லிகள். மான்கோசெப், தைரம், கேப்டான், குளோரோதலோனில் ஆகியவை தோல் அலர்ஜி உண்டாக்குபவை என்று மருத்துவ நூல்கள் பட்டியலிடுகின்றன. இதில் தைரம் ஒரு விசித்திரம். ரப்பர் கையுறை தயாரிப்பிலும் அது சேர்க்கப்படுவதுண்டு. மருந்துக்குப் பயந்து ரப்பர் கையுறை மாட்டிய ஒருவருக்குக் கையுறையாலேயே அரிப்பு கூடலாம்.

அரித்த கை எங்கே போகிறது? பெரும்பாலும் பக்கத்து மருந்துக் கடைக்கு. அங்கே கிடைப்பது ஒரு டியூப் களிம்பு. படைக்கும் சொறிக்கும் கரப்பானுக்கும் ஒரே களிம்பு, உள்ளே வீரியமான ஸ்டீராய்டு. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். பூ தொடர்ந்து படுவதால் மறுபடி வரும். மறுபடி டியூப். மாதக்கணக்கில் தேய்த்தால் தோல் மெலிந்து சுருங்கும். வந்திருப்பது உண்மையில் பூசணப் படையாக இருந்தால் நோய் உள்ளுக்குள் பரவும். இப்படிக் கடைச் சரக்காக விற்பதைத் தடுக்க 2018ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. உத்தரவு தாளில் இருக்கிறது. டியூப் கவுன்ட்டரில் இருக்கிறது.

சரியான வழி ஒன்று உண்டு. பேட்ச் டெஸ்ட். சந்தேகப்படும் பொருட்களைச் சிறு வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, அடுத்த ஓரிரு நாளில் மீண்டும் பார்க்கிறார்கள். எந்த இடம் சிவந்திருக்கிறதோ அந்தப் பொருள் எதிரி. இந்தியாவில் வழக்கமாகச் சோதிக்கும் பொருட்களின் தொகுப்பில் பார்த்தீனியமும் உண்டு. மருத்துவக் கல்லூரிகளின் தோல் பிரிவுகளிலும் பெரிய மருத்துவமனைகளிலும் இந்தச் சோதனை நடக்கிறது. சிக்கல் அங்கே இல்லை. மூன்று முறை போய் வர வேண்டும். மூன்று நாள் கூலி போகும். பஸ் காசு தனி. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்ணுக்கு கடைக் களிம்பு மலிவு, இரண்டு நாள் சோதனை ஆடம்பரம்.

நோய் உறுதியானால்தான் என்ன? சட்டம் வயலுக்கு வராது. 1948ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அறிவிக்கத்தக்க நோய்கள் பட்டியலில், வேதிப் பொருட்களையும் பெயின்ட்டையும் நேரடியாகத் தொடுவதால் வரும் தோல் அழற்சி இடம்பெற்றது. 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பும் அதை ஏற்றுக்கொண்டது. ஆலையில் பெயின்ட் பட்டு வந்த புண்ணைக் கணக்கில் எடுக்கும் அந்தப் பட்டியலில், தோட்டத்தில் செவ்வந்தி பட்டு வந்த புண்ணுக்கு இடம் தேடுவது கஷ்டம். பூச்சிமருந்து விதிகள் (1971) மருந்து அடிப்பவருக்குக் கையுறையும் முகமூடியும் வேண்டும் என்கின்றன. மறுநாள் அதே செடிக்குள் கை விடும் பறிப்பவரைப் பற்றி யார் கவலைப்படுவது? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010ல் திருத்திய தொழில் நோய்ப் பட்டியல், வேலையால் வரும் தோல் அலர்ஜியை இன்ன இடம், இன்ன பொருள் என்று குறுக்காமல் ஏற்கிறது. நம் பட்டியலுக்கு அந்தத் தாராளம் இன்னும் வரவில்லை.

விற்கும் சந்தையும் உதவுவதில்லை. ஐரோப்பாவுக்குப் பூ ஏற்றுமதி செய்யும் கென்யா, கொலம்பியா, ஈக்வடார் தோட்டங்களின் நிலைமை குறித்து அங்குள்ள நுகர்வோரும் தொழிற்சங்கங்களும் கேள்வி எழுப்பினார்கள். 1998ல் கொய்மலர்த் தொழிலுக்கான சர்வதேச நடத்தை விதி ஒன்று உருவானது. மருந்தடித்த குடிலுக்குள் எத்தனை மணி நேரம் யாரும் போகக்கூடாது, யாருக்கு என்ன உடை தர வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். தொலைதூரத்து வாடிக்கையாளர் கேட்டதால் தோட்ட முதலாளி அசைந்தார். சரம் தொடுக்கும் பூவுக்கும் கோயில் மாலைக்கும் பூக்களத்துக்கும் முத்திரை கிடையாது. எந்தத் தோட்டம், என்ன மருந்து என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. கேட்கும் வழக்கமும் இல்லை.

கேட்கவே தெரியாத சமூகம் என்று சொல்லவும் முடியாது. 2024ல் கேரளத்தில் ஓர் இளம்பெண்ணின் மரணத்துக்கு அவர் மென்ற அரளி காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. சில நாட்களில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டும் மலபார் தேவஸ்வம் போர்டும் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளி கூடாது என்று நிறுத்திவிட்டன. சரியான முடிவு. பக்தர் வாய்க்குள் போகக்கூடிய விஷம் என்றதும் நிர்வாகம் விழித்துக்கொண்டது. அதே அரளியைச் சேலம் மாவட்டத்தில் தினமும் பறிக்கும் கைகளில் வடியும் பால் பற்றி அந்த விவாதத்தில் பேச்சு எழவில்லை. அரளிப் பால் தோலிலும் எரிச்சல் தரும்.

இந்த விஷயத்தில் கேரளத்துக்கு இப்போது இன்னொரு பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. வெளிமாநிலப் பூவை நம்பியிருப்பது போதும் என்று, சில ஆண்டுகளாக ஓணத்துக்கென்றே குடும்பஸ்ரீ குழுக்கள் செண்டுமல்லி பயிரிடுகின்றன. கொச்சிக்குத் தெற்கே ஆலப்புழை மாவட்டத்தின் கஞ்சிக்குழிப் பூந்தோட்டங்களைப் பார்க்க ஆட்கள் கூடுகிறார்கள். நல்ல முயற்சி. பூவுக்குப் புதிய கைகள் இவை. அலர்ஜி இன்னும் குறித்து வைக்காத கைகள். பயிற்சி வகுப்பில் உரம், நீர், விலை பற்றிச் சொல்லும்போது கை பற்றியும் பத்து நிமிடம் சொன்னால், மற்ற இடங்களில் கோட்டைவிட்டதை இங்கே ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம்.

அந்தப் பத்து நிமிடத்தில் சொல்ல வேண்டியவை எளிமையானவை. காம்பைக் கிள்ளுவதைவிடச் சிறு கத்தரியால் வெட்டுவது மேல். செவ்வந்திக்கும் செண்டுமல்லிக்கும் முழுக்கைச் சட்டை நல்லது. கையுறை போட்டால் நைட்ரைல் கையுறையாக இருக்கட்டும். டியூலிப் பொருள் வினைல் கையுறையைத் துளைத்துக்கொண்டு போய்விடும், நைட்ரைல் அதைத் தடுக்கும் என்பது சோதித்துப் பார்த்த உண்மை. உள்ளே மெல்லிய பருத்தி உறை இருந்தால் வியர்வை உறிஞ்சும். மல்லிகை மொட்டைக் கையுறையோடு பறிப்பது கஷ்டம்தான். அங்கே மருந்தடித்த நாளுக்கும் பறிப்புக்கும் இடைவெளி விடுவதுதான் முக்கியம். வேலை முடிந்ததும் சாதாரணத் தண்ணீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவ வேண்டும். கறை போக மண்ணெண்ணெயும் சலவைத் தூளும் போட்டுத் தேய்ப்பது வெடித்த தோலை மேலும் வெடிக்க வைக்கும். துடைத்த கையில் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொள்ளலாம். பார்த்தீனியத்தை வெறும் கையால் பிடுங்கக் கூடாது. பூப்பதற்கு முன்பே மண்வெட்டியால் எடுத்துவிட வேண்டும். கை அரிக்கிறவருக்குச் சில நாள் பறிப்பு நீங்கலான வேலை தர வேண்டும். கூலியைக் குறைக்காமல்.

செடியையே மாற்றுவதும் நடக்காத காரியமில்லை. ஐரோப்பிய வீடுகளில் தொட்டியில் வளர்த்த பிரிமுலா செடி பல ஆண்டுகள் கையையும் முகத்தையும் வீங்க வைத்தது. அதிலிருந்த பிரைமின் என்ற பொருள்தான் காரணம் என்று தெரிந்தது. பிரைமின் இல்லாத ரகங்களை வளர்ப்பாளர்கள் உருவாக்கினார்கள். நம் ஆராய்ச்சி நிலையங்கள் செவ்வந்தியில் நிறத்துக்கும் எடைக்கும் வாடாத தன்மைக்கும் ரகம் தேடுகின்றன. பறிக்கும் கைக்கு இதமான ரகத்தையும் அந்தத் தேடலில் சேர்த்துக்கொள்ளலாம்.

இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700ல் தொழில் நோய்கள் பற்றி எழுதிய நூலில் டாக்டர்களுக்கு ஒரு யோசனை சொன்னார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, 'நீ என்ன வேலை செய்கிறாய்?' என்பதையும் கேள். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் அந்தக் கேள்விக்கு நேரம் கிடைப்பதில்லை. எனவே பதிலை நோயாளியே கொண்டுபோவது நல்லது. கை அரித்து டாக்டரிடம் போகும் பூத் தொழிலாளி, பறிக்கும் பூவில் ஒரு கொத்தையும் வரப்பில் முளைக்கும் களையில் ஒன்றையும் மூடிய பையில் போட்டு எடுத்துப் போகட்டும். தோட்டத்தில் அடிக்கும் மருந்தின் பெயரை எழுதிக்கொள்ளட்டும். எந்த நாளில் என்ன பறித்தோம், எந்த நாளில் அரித்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்தால் இன்னும் நல்லது. டாக்டர் சீட்டில் வெறும் 'தோல் அரிப்பு' என்று எழுதாமல் 'பூப் பறிப்பால் வந்த தோல் அழற்சி' என்று எழுதினால், அந்தக் கைக்கு வந்த நோய்க்கு முதல் முறையாக ஒரு பெயர் கிடைக்கும்.